கிறிப்பில் பெயர் விழுந்தால்: கடன் பதிவைச் சீர்செய்வதற்கான வழிகள்

வங்கிக்குக் கடன் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அதிகம் சொல்லும் காரணம், “கிறிப்பில பேர் விழுந்திட்டுதாம்” என்பதுதான். எந்தக் கடனுக்காக விழுந்தது, யார் பதிந்தது, எவ்வளவு காலத்துக்கு நிற்கும், எடுக்க முடியுமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. சில வருடம் பேசாமல் இருந்தால் தானாகப் போய்விடும் என்கிறார் ஒருவர். கொழும்பில் தெரிந்த ஆள் இருக்கிறார், காசு கொடுத்தால் எடுத்துத் தருவார் என்கிறார் இன்னொருவர். இரண்டையும் நம்பி ஏமாந்தவர்கள் நம்மிடையே உண்டு.

வங்கியின் கதவு மூடப்பட்டால் கடன் தேவை இல்லாமல் போவதில்லை. அது நாள் வட்டிக்காரரிடமும் மீற்றர் வட்டிக்காரரிடமும் போய் நிற்கிறது. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 50,000 ரூபா வாங்கினால் மாதம் 5,000 ரூபா வட்டி. ஒரு வருடத்தில் 60,000 ரூபா கட்டிய பின்னரும் முதல் 50,000 அப்படியே இருக்கும். கடன் பதிவைச் சீர்செய்வது கௌரவத்துக்கான விடயம் மட்டுமல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அதைச் சட்டப்படி, செலவு குறைவாக, எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கிறிப் என்பது என்ன?

மக்கள் ‘கிறிப்’ என்று அழைப்பது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. இது 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்டது. அச்சட்டம் 1995 இலும் 2008 இலும் திருத்தப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் நிறுவனங்களும் தாம் கொடுத்த கடன்களின் விவரங்களை மாதந்தோறும் இப்பணியகத்துக்கு அனுப்புகின்றன. நீங்கள் புதிதாகக் கடன் கேட்கும்போது, அந்த நிறுவனம் உங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு அறிக்கையை எடுத்துப் பார்க்கிறது.

இங்கே இரண்டு விடயங்களை விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கிறிப் என்பது கறுப்புப் பட்டியல் அல்ல. ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர்களின் பெயரும் அங்கே இருக்கிறது. வங்கியில் ஒரு தடவை கடன் எடுத்த எவருடைய பெயரும் அங்கே இருக்கும். ‘பெயர் விழுந்தது’ என்று நாம் சொல்வது, அந்தப் பெயருக்கு எதிரே நிலுவை பதியப்பட்டிருப்பதைத்தான்.

இரண்டாவது, கடன் கொடுப்பதா இல்லையா என்று பணியகம் தீர்மானிப்பதில்லை. அது தகவலைத் தருகிறது, தீர்மானம் வங்கியுடையது. அதேபோல, ஒரு பதிவைப் பணியகம் தன்பாட்டில் மாற்றவும் முடியாது. பதிவை அனுப்பிய வங்கியோ கம்பனியோதான் திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே கொழும்பில் ஆள் பிடித்துப் பதிவை அழிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘கிறிப் கிளியர் செய்து தரப்படும்’ என்று முகநூலிலோ தொலைபேசியிலோ பணம் கேட்பவர்களுக்கு அடையாள அட்டைப் பிரதியைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

அறிக்கையில் என்ன இருக்கும்?

உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றோடு பின்வரும் விவரங்கள் இருக்கும்:

- நடப்பில் உள்ள கடன்கள், லீசிங், கடனட்டைகள்; ஒவ்வொன்றிலும் மீதி எவ்வளவு, நிலுவை எவ்வளவு, எத்தனை நாள் பிந்தியிருக்கிறது.
- அண்மைய ஆண்டுகளில் கட்டி முடித்த கடன்கள்.
- நீங்கள் மற்றவர்களுக்குப் பிணை நின்ற கடன்கள்.
- பணம் போதாமல் திரும்பிய காசோலைகள்.
- உங்கள் அறிக்கையை எந்த எந்த வகை நிறுவனங்கள் எப்போது எடுத்துப் பார்த்தன என்ற விவரம்.

இவற்றைக் கொண்டு 250 இற்கும் 900 இற்கும் இடையில் ஒரு கடன் புள்ளியும் கணிக்கப்படுகிறது. புள்ளி கூடினால் அபாயம் குறைவு என்று பொருள். புள்ளியைத் தனியாக உயர்த்துவதற்குக் குறுக்கு வழி இல்லை. பதிவுகள் மாறினால் புள்ளி மாறும்.

ஒரு மாதம் பிந்தியதும் மூன்று மாதம் பிந்தியதும் ஒன்றல்ல. வங்கிகளைப் பொறுத்தவரை, 90 நாட்களைத் தாண்டி நிலுவையாக நிற்கும் கடன் பொதுவாகச் செயற்படாக் கடனாக வகைப்படுத்தப்படுகிறது. அதற்குப் பிறகு சட்ட நடவடிக்கை, பதிவழிப்பு என்று பதிவு மோசமாகிக்கொண்டே போகும். எனவே இரண்டு தவணை தவறியவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வங்கி அழைக்கும் வரை காத்திருக்காமல் அவரே போய்ப் பேச வேண்டிய நேரம் அதுதான்.

பதிவழிப்பு என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. ஒரு கடனை வங்கி தன் கணக்கேட்டில் பதிவழித்துவிட்டால் அது மன்னிக்கப்பட்டுவிட்டது என்று பொருளல்ல. கணக்கியலில் அதை நட்டமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடன் உங்கள் மேல் அப்படியே நிற்கும். அறிக்கையில் அது மிகக் கடுமையான குறிகளில் ஒன்று.

நமது பகுதிகளில் இந்தப் பதிவுகள் எப்படி வந்தன?

போர் முடிந்து ஏ9 வீதி திறந்தபோது வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்நிதி நிறுவனங்களும் ஒன்றாக வடக்குக்கு வந்தன. மீள்குடியேறிய குடும்பங்களிடம் வருமானம் இருக்கவில்லை; தேவை இருந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா போதாமல், கூரையையும் நிலத்தையும் கடனில் முடித்தவர்கள் பலர். முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் லீசிங்கில் வந்தன. பெண்களுக்குக் குழுக்கடன் வீட்டு வாசலுக்கே வந்தது.

அந்தக் கடன்கள் பின்னர் என்ன செய்தன என்பது பதிவாகியிருக்கிறது. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனால் பெண்கள் பட்ட பாட்டைத் தனது அறிக்கையில் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவை நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. அதன் பிறகு கொவிட் வந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளின்றி வள்ளங்களும் முச்சக்கரவண்டிகளும் நின்றன, தவணைகளும் நின்றன.

ஆகவே கிறிப்பில் நிலுவை உள்ள எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். இதை முதலில் நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு வங்கிப் பக்கமே போகாமல் இருப்பதால்தான் பல இடங்களில் சிறிய நிலுவை பெரிய வழக்காகிறது.

முதற்படி: அறிக்கையை எடுத்துப் பாருங்கள்

உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. வங்கிக் கிளைகள் ஊடாகவும் கொழும்பிலுள்ள பணியகத்திலும், பணியகத்தின் இணையத்தளம் வழியாகவும் கோரலாம். அடையாள அட்டை தேவை; ஒரு சிறு கட்டணம் உண்டு. சொந்த அறிக்கையை நீங்கள் எடுப்பது கடன் விண்ணப்பமாகக் கணக்கிடப்படுவதில்லை. புள்ளியைக் குறைப்பதும் இல்லை.

‘கிறிப்பில் இருக்கு’ என்று வங்கி உத்தியோகத்தர் வாயால் சொன்னதை மட்டும் வைத்து எதுவும் செய்ய வேண்டாம். கைக்கு அறிக்கை வந்த பின்னர் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளையோ நம்பிக்கையான ஒருவரையோ பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை:

- அடையாள அட்டை இலக்கம். போர்க்காலத்தில் அட்டையைத் தொலைத்துப் புதிதாக எடுத்தவர்களும், பழைய 9 இலக்க அட்டையிலிருந்து 12 இலக்கத்துக்கு மாறியவர்களும் இரண்டு இலக்கங்களின் கீழும் பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.
- பெயர். ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்படுகிறது. முதலெழுத்துகளும் இடம் மாறும். இன்னொருவரின் கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.
- கட்டி முடித்த கடன் இன்னும் மீதியோடு நிற்கிறதா?
- 2018 திட்டத்தில் தள்ளுபடியான நுண்கடன் தீர்ந்ததாகக் காட்டப்படுகிறதா?
- கொவிட் காலத்தில் அல்லது 2022 இல் வங்கி எழுத்தில் தந்த தவணைச் சலுகை மாதங்கள், தவறிய மாதங்களாகக் காட்டப்படுகின்றனவா?
- நீங்கள் கையொப்பமிடாத கடனோ பிணையோ இருக்கிறதா?

பதிவு பிழையாக இருந்தால்

பிழையான பதிவைத் திருத்தும்படி கேட்பது சலுகை அல்ல, உரிமை. முதலில் சம்பந்தப்பட்ட வங்கிக்கு அல்லது கம்பனிக்கு எழுத்தில் கொடுங்கள். அறிக்கையின் பிரதி, பற்றுச்சீட்டுகள், கடன் முடிந்ததற்கான கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். கிளையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் தலைமையகத்துக்கு அனுப்புங்கள்.

அதோடு பணியகத்திடமும் அதற்குரிய படிவத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பணியகம் அதைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். நிறுவனம் பிழையை ஏற்றுக்கொண்டால் திருத்திய தகவலை அனுப்பும். பிறகு இன்னொரு அறிக்கையை எடுத்து, உண்மையில் திருத்தப்பட்டிருக்கிறதா என்று நீங்களே சரிபார்க்க வேண்டும். ‘திருத்தியாச்சு’ என்ற வாய்ச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கம், கடன் கணக்கு இலக்கம், அறிக்கையில் என்ன இருக்கிறது, உண்மையில் என்ன நடந்தது, அதற்கு எந்த ஆவணம் சான்று, என்ன திருத்தம் வேண்டும் என்ற ஆறும் இருந்தால் போதும். தமிழிலேயே எழுதலாம்.

பதிவு சரியாக இருந்தால்

கடன் உண்மையானது, கட்டத் தவறியதும் உண்மை என்றால், அந்தப் பதிவை மறைக்க வழியில்லை. கடனைத் தீர்ப்பதும், தீர்த்ததை எழுத்தில் பெறுவதும்தான் வழி.

முதலில் கணக்குக் கூற்றைக் கேளுங்கள். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்ட வட்டி எவ்வளவு, சட்டச் செலவு எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். பல வருடம் நின்ற கடன்களில் தண்ட வட்டியே முதலுக்குக் கிட்ட வந்துவிடும். வங்கிகள் பேசிக் குறைப்பதும் அந்தப் பகுதியைத்தான். மொத்தமாக ஒரு தொகையைக் கட்டி முடிக்கப் பேசுவதானால், பணம் கட்டுவதற்கு முன்னரே, ‘இத்தொகையைக் கட்டினால் இக்கடன் முழுமையாகத் தீர்ந்ததாகக் கொள்ளப்படும்’ என்று கடிதம் வாங்குங்கள். கடிதம் இல்லாமல் கட்டிய பணம் வட்டிக்குப் போய்விட்டது என்று பின்னர் சொல்லப்பட்டால் வாதாட உங்களிடம் எதுவும் இருக்காது.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மறுசீரமைப்புக் கேட்கலாம். அதாவது கால எல்லையைக் கூட்டித் தவணையைக் குறைப்பது. இதில் இரண்டு எச்சரிக்கை. தவணை குறையும்போது மொத்த வட்டி கூடும். மறுசீரமைத்த தவணையும் தவறினால் வங்கி இன்னொரு தடவை இறங்கி வராது. எனவே கட்டக்கூடிய தொகையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். கூச்சத்தில் 20,000 என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட, 8,000 என்று சொல்லி முடிவுவரை கட்டுவது நல்லது.

கடையோ பண்ணையோ தொழிலோ நடத்துகிறவர்கள் இன்னொன்றைக் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்ட வியாபாரங்களை மீட்டெடுப்பதற்கான தனிப் பிரிவுகளை அமைக்குமாறு 2024 இல் மத்திய வங்கி உரிமம்பெற்ற வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் கிளைக்கு அது தெரியாவிட்டால் தலைமையகத்தில் கேளுங்கள்.

லீசிங் வாகனத்தைக் கம்பனி எடுத்துக்கொண்டு போனால் கடன் முடிந்தது என்று நினைப்பது பெருந்தவறு. வாகனத்தை விற்ற காசு கடனுக்குப் போதாவிட்டால், மிச்சம் உங்கள் பெயரிலும் பிணையாளியின் பெயரிலும் நிற்கும். எவ்வளவுக்கு விற்றார்கள், மீதி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

பல கடன் உள்ளவர்கள் எதை முதலில் கட்டுவது? பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. வீட்டையோ காணியையோ ஈடு வைத்த கடன் கையை விட்டுப் போகக்கூடாது; அது முதலாவது. அடுத்தது, இன்னும் 90 நாட்களைத் தாண்டாத கடன்; அதைக் காப்பாற்றினால் ஒரு பதிவு மோசமாகாமல் தப்பும். பிறகு, பிணையாளிகளை அழுத்தும் கடன். ஏற்கனவே பல வருடம் நின்றுபோன கடனைப் பேசி, காசு சேர்ந்ததும் ஒரே தடவையில் முடிக்கப் பார்க்கலாம். ஆனால் ஒரு கடனை அடைக்க மீற்றர் வட்டிக்கு வாங்குவது எந்த ஒழுங்கிலும் சேராது. அப்படி வாங்கினால் அறிக்கை சுத்தமாகலாம். குடும்பம் சுத்தமாக அழிந்துவிடும்.

கடன் முடிந்ததும் வாங்க வேண்டியவை: கடன் முழுமையாகத் தீர்ந்தது என்ற கடிதம், காணி ஈடு என்றால் ஈட்டு விடுவிப்பு உறுதி (அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும்), வாகனம் என்றால் பதிவுப் புத்தகத்தில் கம்பனியின் உரிமையை நீக்குவதற்கான ஆவணங்கள். நிறுவனங்கள் மாதந்தோறும் தகவல் அனுப்புவதால், கட்டிய மறுநாளே அறிக்கை மாறாது. ஒரு மாதம், இரண்டு மாதம் பொறுத்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். தீர்ந்த பின்னரும் பழைய வரலாறு சில ஆண்டுகள் தெரியும். ஆனால் ‘நிலுவை உண்டு’ என்பதற்கும் ‘நிலுவை இருந்தது, கட்டி முடித்தார்’ என்பதற்கும் வங்கியின் கண்ணில் பெரிய வித்தியாசம் உண்டு.

பிணை நின்றவர்களும் குழுக்கடன்களும்

சொந்தமாக ஒரு சதம்கூடக் கடன் எடுக்காமல் கிறிப்பில் சிக்கியவர்கள் நமது ஊர்களில் நிறைய. அயலவருக்கோ மைத்துனருக்கோ கூட வேலை செய்பவருக்கோ பிணைக் கையொப்பம் வைத்தவர்கள் அவர்கள். பிணை என்பது ‘இவர் நல்லவர்’ என்ற சாட்சிக் கையெழுத்து அல்ல. அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். கடன் எடுத்தவர் வெளிநாடு போய்விட்டாலும் அது மாறாது.

பிணை நின்ற கடன் நிலுவையானால், வங்கியிடம் எழுத்தில் மீதியைக் கேளுங்கள். கடனாளியையும் மற்றப் பிணையாளிகளையும் கூட்டி ஒரே மேசையில் பேசுங்கள். நீங்கள் கட்ட நேர்ந்தால், யாருடைய கடனுக்கு யார் கட்டியது என்று பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். கட்டிய தொகையைக் கடனாளியிடமிருந்து மீளக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு; அதற்குச் சான்று அந்தச் சீட்டுத்தான்.

குழுக்கடன்களில் நிலைமை இன்னும் குழப்பம். ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவில் ஒருத்தி கட்ட முடியாமல் போனால், மற்ற நால்வரும் தலைக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுகிறார்கள். களத்தில் வந்து வசூலிக்கும் உத்தியோகத்தர் அதைப் பாஸ் புத்தகத்தில் எப்படி எழுதினார் என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வசூலுக்கும் உங்கள் சொந்தப் புத்தகத்தில் திகதி, தொகை, கையொப்பம் வாங்குங்கள். உங்கள் பங்கு முடிந்ததும் உங்கள் பெயருக்குத் தனியாகக் கடிதம் கேளுங்கள்.

இறந்தவரின் கடன், காணாமல் ஆக்கப்பட்டவரின் கடன்

கணவர் எடுத்த கடன், மனைவி என்பதற்காக மட்டும் அவரது தனிக் கடனாகிவிடாது. அவர் கூட்டுக் கடனாளியாகவோ பிணையாளியாகவோ கையொப்பமிட்டிருந்தால் பொறுப்பு உண்டு. இல்லாவிட்டால், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கடன் கோரப்பட வேண்டும். பல கடன்களோடு காப்புறுதியும் சேர்த்து எடுக்கப்பட்டிருக்கும். குடும்பத்துக்கு அது தெரியாமலே போவதுண்டு. மரணச் சான்றிதழோடு போய், ‘இக்கடனுக்குக் காப்புறுதி இருந்ததா?’ என்று முதலில் அதைக் கேளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழ் என்ற சொல்லே வேதனை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழி செய்தது. உறவினரின் சொத்து விவகாரங்களைத் தற்காலிகமாகக் கவனிக்க அது பயன்படும். அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, கடன் பற்றிப் பேசப் போகும்போதும் அதைக் காட்டலாம். இந்தச் சான்றிதழை எடுப்பதா இல்லையா என்பது ஒவ்வொரு குடும்பத்தினதும் முடிவு. வங்கிக் கடனுக்காக எவரும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த நிலையில் உள்ளவர்கள் எதிலும் கையொப்பமிட முன்னர் சட்ட உதவி பெறுவது அவசியம்.

காலம் கடந்த கடன்கள்

ஆறு வருடம் போனால் கடன் செத்துவிடும் என்ற பேச்சுக்கு அடிப்படை 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம். எழுத்து மூலமான கடனுக்குப் பொதுவாக 6 ஆண்டுகள், ஈட்டுக் கடனுக்கு 10 ஆண்டுகள் என்று வழக்குத் தொடுக்கும் கால எல்லையை அது வகுக்கிறது. ஆனால் இடையில் ஒரு தவணை கட்டினாலோ கடனை எழுத்தில் ஏற்றுக்கொண்டாலோ காலம் புதிதாக எண்ணப்படலாம். காலம் கடந்ததால் வழக்குப் போட முடியாமல் போவது வேறு, கடன் பதிவு அழிவது வேறு. இதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருக்காமல், பழைய கடனுக்குக் கடிதம் வந்தால் பதில் எழுதுவதற்கு முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

மீண்டும் நல்ல பதிவைக் கட்டியெழுப்புதல்

பழையது தீர்ந்த பின், அறிக்கையில் புதிய நல்ல மாதங்கள் சேர வேண்டும். ஒன்றுமே எடுக்காமல் ஒதுங்கியிருந்தால் வங்கிக்குத் தெரிவது அந்தப் பழைய நிலுவை மட்டும்தான்.

- சேமிப்புக் கணக்கொன்றைத் தொடர்ந்து இயக்குங்கள். சிறுதொகையானாலும் மாதாமாதம் போடுவது, வருமானம் வருகிறது என்பதற்குச் சான்று.
- நிலையான வைப்பு ஒன்று இருந்தால் அதற்கெதிராக ஒரு சிறு கடன் கேட்கலாம். வங்கிக்கு அபாயம் இல்லை என்பதால் பழைய பதிவு பெரிய தடையாக இராது. கடன் தேவையில்லாதவர் பதிவுக்காக மட்டும் வட்டி கட்ட வேண்டியதில்லை.
- தவணைத் திகதிக்கு மூன்று நாள் முன்னதாகக் கட்டுங்கள். சம்பளம் பெறுகிறவர்கள் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வங்கிக்கு நிலையான கட்டளை கொடுக்கலாம்.
- கடனட்டை இருந்தால் அதன் எல்லை வரை பாவிக்காதீர்கள். பாவிக்காத அட்டைகளை எழுத்தில் மூடுங்கள். ஆண்டுக் கட்டணம் ஏறி அதுவே நிலுவையாவதுண்டு.
- ஒரே மாதத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் அறிக்கையைப் பார்த்தது பதிவாகும்.
- மீண்டு வரும் காலத்தில் எவருக்கும் பிணை நிற்காதீர்கள். இல்லை என்று சொல்வது கடினம். நிலுவையாகிய பின் உறவும் போய்ப் பணமும் போவது அதைவிடக் கடினம்.

சீட்டு, மாதர் சங்கச் சுழற்சி நிதி, கிராம அபிவிருத்திச் சங்கக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன் போன்றவை பொதுவாகக் கிறிப்பில் வருவதில்லை. அங்கே நீங்கள் நேர்மையாகக் கட்டியதை வங்கி அறியாது. ஆனால் சங்கத்திடமிருந்து அதை உறுதிப்படுத்தும் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணைக்கலாம். பால் சேகரிப்பு நிலையச் சீட்டு, கடற்றொழிலாளர் சங்கத்தின் விற்பனைப் பதிவு, நெல் விற்ற பற்றுச்சீட்டு, பிரதேச செயலகத்தின் வியாபாரப் பதிவு ஆகியனவும் உதவும். நிலுவை ஏன் வந்தது, எப்படித் தீர்த்தீர்கள், இப்போது வருமானம் என்ன என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி முகாமையாளரை நேரில் சந்தியுங்கள். பழைய குறி ஒன்றைக் காரணங்காட்டிக் கடனை மறுத்தே ஆக வேண்டும் என்று வங்கிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கொவிட் காலச் சலுகைத் திட்டங்களில், கிறிப் பதிவை மட்டும் காரணமாகக் கொண்டு விண்ணப்பங்களை நிராகரிக்க வேண்டாம் என்று மத்திய வங்கியே நிதி நிறுவனங்களுக்குச் சொன்னது.

எங்கே முறையிடலாம்?

முதலில் வங்கியிடமே எழுத்தில் முறையிட வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால்:

- மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், தொலைபேசி 1935. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகங்கள் கிளிநொச்சியிலும் திருகோணமலையிலும் உள்ளன. வசூலிக்க வருகிறவர்களின் அச்சுறுத்தல், தகாத பேச்சு பற்றியும் இத்திணைக்களத்திடம் முறையிடலாம். இது மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கே பொருந்தும். கடன் வாங்க முன்னரே நிறுவனம் உரிமம் பெற்றதா என்று கேட்பது அதனால்தான்.
- நிதிசார் குறைகேள் அதிகாரி. வங்கி, நிதிக் கம்பனி தொடர்பான பிணக்குகளை வாடிக்கையாளரிடம் கட்டணமின்றி விசாரிப்பவர்.
- இணக்க சபை. சிறிய தொகைக் கடன் பிணக்குகள் நீதிமன்றம் போக முன் இங்கேதான் வரும். அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். மாதம் எவ்வளவு முடியும் என்று எழுதிக்கொண்டு போங்கள்.
- சட்ட உதவி ஆணைக்குழு. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை உண்டு.

எங்கே போனாலும் தமிழில் பேசவும், கையொப்பமிடும் ஆவணத்தின் பொருளைத் தமிழில் கேட்டறியவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத தாளில் கையொப்பமிட வேண்டாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம்.

ஒரு கோப்பு

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடிப்படை கடுதாசிதான். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போன சனம் நாங்கள். ஆவணம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கவனத்தைக் கடன் தாள்களுக்கும் கொடுக்க வேண்டும். கடன் ஒப்பந்தம், தவணை அட்டவணை, எல்லாப் பற்றுச்சீட்டுகள், சலுகைக் கடிதங்கள், தீர்த்த கடிதம், கடைசியாக எடுத்த கிறிப் அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வெப்பத்தில் எழுத்து மறையும் மெல்லிய சீட்டுகளைப் பிரதி எடுத்து வையுங்கள். கைபேசியில் படமெடுத்து வெளியூரிலுள்ள பிள்ளைக்கோ சகோதரருக்கோ அனுப்பியும் வையுங்கள்.

இந்த வாரம் ஒன்றே ஒன்றைச் செய்வதானால், அறிக்கையைக் கோருங்கள். கடன் உங்களுடையதா, தொகை சரியா, தீர்த்தது தீர்ந்ததாக இருக்கிறதா என்று தெரிந்த பிறகு, வங்கியில் பேச உங்களிடம் ஒரு தாளாவது இருக்கும்.